சாக்கின் நடுவிலிருந்து ஒரு பிடி

நான் வரவேற்பில் வேலை பார்க்கும் விடுதிக்கு ஒரு மழைக்காலத்தில் ஒரு பெண்மணி வந்து தங்கினார். ஏரிக்குப் போகவில்லை, படகுச் சவாரி எத்தனை மணி வரை என்று கேட்கவில்லை, ஹோம்மேட் சாக்லேட்கூட வாங்கவில்லை. அறைக்குள்ளேயே உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கொடைக்கானலுக்கு வந்து ஒருவர் இப்படி இருந்தால் எனக்கு மண்டை குடையாதா? டீ கொண்டுபோனபோது கேட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் நாவல் எழுதுகிறாராம், அதை முடிக்கத்தான் மலைக்கு வந்தாராம். "முடிச்சதும் யாருகிட்ட மேடம் குடுப்பீங்க?" என்றேன். "என் ஏஜென்ட்கிட்ட. யார்கிட்ட விக்கணுமோ அவங்க பார்த்து வித்துக் கொடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருப்பார், அதைச் சுமந்துபோய் விற்க வேறொருவர் இருப்பார் என்பது எனக்குப் புதுச் செய்தி. நான் கொடைக்கானல் மேல்மலையில் உள்ள கவுஞ்சியில் பூண்டு விவசாயம் செய்யும் வீட்டில் பிறந்தவள். விளைவிக்கிறவர் ஒருவர், விற்றுக் கொடுக்கிற மண்டிக்காரர் ஒருவர் என்று பார்த்தே வளர்ந்தவள். நாவலுக்கும் ஒரு மண்டி உண்டு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அத்தனை வருஷம் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

ஏனென்றால் என் போனிலும் ஒரு நாவல் கிடந்தது. சமவெளியிலிருந்து எங்கள் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றுக்கு மருமகளாக வரும் ஒரு பெண்ணின் கதை. குளிர் தாங்காமல், பூண்டு வாசனை தாங்காமல், மாமியார் வீட்டு மௌனம் தாங்காமல் அவள் எப்படி அங்கே காலூன்றினாள் என்று எழுதியிருந்தேன். சீசன் இல்லாத நாட்களில், அறைகள் காலியாக இருக்கும் மதியங்களில், வரவேற்பு மேஜைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு எழுதியது. முடித்தும் விட்டேன். முடித்த பிறகுதான் பிரச்சினை தொடங்கியது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இது தேறுமா தேறாதா என்று என்னைத் தெரியாத ஒருவர் சொல்ல வேண்டும். என் கணவர் படிப்பதற்கு முன்பே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார், அது அவர் குணம். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த தோழி மூன்று பக்கம் படித்துவிட்டுக் கைதட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தேறாது என்றால் விட்டுவிட்டு நிம்மதியாகச் சீரியல் பார்க்கலாம். தேறும் என்றால் அடுத்ததை எழுதலாம். இரண்டும் தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்றது.

ஆக, விடுதிக் கணினியில் துப்பறியத் தொடங்கினேன். விருந்தாளிகளுக்கு இ-பாஸ் எடுத்துக் கொடுக்கும் அதே கணினி. மழை வலுத்தால் நெட் போய்விடும், காற்று அடித்தால் கரண்ட் போய்விடும். இரண்டும் இருக்கும் நேரத்தில் ஆசை தீரப் படித்தேன். ஏஜென்ட் என்பவர் எழுத்தாளரிடம் முன்பணம் வாங்கமாட்டார், புத்தகம் விலைபோனால் அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். நல்ல நாவலுக்குச் சில சமயம் பதிப்பகங்களுக்குள் ஏலமே நடக்குமாம். அதைப் படித்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏலம், கமிஷன், முன்பணம் என்று எல்லாமே எனக்குத் தெரிந்த சொற்களாக இருந்தன. இலக்கிய உலகம் என்றால் என்னமோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்ட தெம்பு வந்தது.

ஆனால் இதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு. தமிழில் எழுதினால் நேராகப் பதிப்பகத்துக்குத்தான் போக வேண்டும் என்பது அடுத்த சில நாட்களில் புரிந்தது. ஒரு பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். கதை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க எத்தனை பிரதி எடுத்துக்குவீங்க, மேடம்?" என்றார். ஆசிரியருக்கு இலவசப் பிரதி தருவார்கள் என்று படித்திருந்ததால், கூச்சத்தோடு, "ஒரு பத்து போதுங்க சார்" என்றேன். அச்சடிப்பதில் பெரும்பகுதியை நானே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை அவர் பிறகு பொறுமையாக விளக்கினார்.

அந்த வாரம் கவுஞ்சிக்குப் போனபோது அண்ணனிடம் இதைச் சொன்னேன். அண்ணன் இன்றும் பூண்டுதான் போடுகிறார். நாவல் எழுதுகிறேன் என்று நான் முதலில் வாயைத் திறந்தது அவரிடம்தான், அவர் படிக்கக் கேட்கமாட்டார் என்ற தைரியத்தில். முழுவதும் கேட்டுவிட்டு, "நாம வெளைய வச்ச பூண்ட நாமளே வாங்கிக்கிறதுக்கு மண்டி எதுக்குத் தாயி? வீட்டுலயே கெடந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

எல்லாப் பதிப்பகமும் அப்படி இல்லை. இன்னொன்றில், அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம், புத்தகக் கண்காட்சி முடியட்டும் என்றார்கள். அந்தக் கண்காட்சி முடிந்து அடுத்த கண்காட்சியும் வந்துவிடும் போலிருந்தது. இதற்குள் என் ஆர்வம் என் நாவலைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. புத்தகம் என்ற சரக்கு எப்படித்தான் ஊர் ஊராகப் போகிறது என்று தெரிந்தாக வேண்டும். பஜாரில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் வரைபடமும் சமையல் புத்தகமும் வைத்து விற்கும் ஒரு பாய் கடைக்குப் போய்க் கேட்டேன். "வித்தா காசு தங்கச்சி, விக்கலேன்னா புத்தகம் போட்டவுகளே திருப்பி எடுத்துக்குவாக" என்றார். மண்டிக்குப் போன பூண்டு ஒன்றுகூட எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. விற்காத சரக்கு ஊருக்குத் திரும்பி வரும் ஒரு வியாபாரம் இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இப்படித் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அது கண்ணில் பட்டது. தமிழ் நாவல்களைப் படித்து, பதிப்பகமும் பிடித்து, பிற மொழிகளுக்கும் கொண்டுபோகும் ஒரு ஏஜென்ட். பெரிய நிறுவனம் இல்லை, இரண்டு மூன்று பேர் நடத்துவது. தமிழிலேயே அனுப்பலாம் என்று போட்டிருந்தது. ஒரு கடிதம், கதைச் சுருக்கம், மாதிரிக்கு முப்பது பக்கம். அவ்வளவுதான்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நான் அதுவரை படித்த ஏஜென்ட்கள் எல்லோரும் முதல் மூன்று அத்தியாயம் அனுப்பு என்றே கேட்டிருந்தார்கள். அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தியது. மேலே இருப்பதை மட்டும் பார்த்து எந்த வியாபாரி வாங்குவான்? வடுகபட்டிச் சந்தைக்குச் சிறுவயதில் அப்பாவோடு போயிருக்கிறேன். மூட்டையை இறக்கியதும் வாங்க வருகிறவர் சாக்கின் வாயை அவிழ்த்து, மேலே இருக்கும் பருத்த பூண்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். முழங்கைவரை கையை உள்ளே விட்டு, நடுவயிற்றிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்ப்பார். மேலே நல்லதை அடுக்கிக் கட்டுவது அப்பாவைத் தவிர மற்ற எல்லோரும் செய்வதுதான், அது எல்லோருக்கும் தெரியும். நடுவில் எடுத்த பிடிக்குத்தான் விலை. இந்த ஏஜென்ட் முதல் அத்தியாயம் என்று சொல்லாமல், மாதிரி என்று மட்டும் சொன்னதும் எனக்கு மரியாதை பொங்கியது. தொழில் தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

நானே நடுவிலிருந்து பொறுக்கி எடுத்தால் அதுவும் மோசடி. அதனால் ஜெராக்ஸ் கடையில் நாவல் முழுவதையும் அச்செடுத்து, பையில் போட்டுக்கொண்டு, பூம்பாறை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பூண்டுத் தாளைத் திரித்துக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தார். அச்செடுத்த காகிதக் கட்டை அவர் முன்னால் வைத்து, "ஒரு பிடி எடு அண்ணே" என்றேன்.

"என்னத்தப் புள்ள எடுக்க?"

"சாம்பிளு. வடுகபட்டியில எடுப்பாக இல்ல, அது மாதிரி."

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, காகிதக் கட்டின் நடுவில் விரலை நுழைத்து ஒரு கொத்தை உருவினார். உருவியதை ஏதோ நினைவில் மூக்கருகே கொண்டுபோய், பாதியில் சுதாரித்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். "போதுமா? எனக்குச் சோலி கெடக்கு."

எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கியது. கடைசிப் பக்கம் மருமகள் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது முடிந்தது. போனிலிருந்த நாவலில் அதே பக்கங்களை மட்டும் தனிக் கோப்பாக்கி, கடிதத்தோடும் சுருக்கத்தோடும் மெயிலில் அப்படியே அனுப்பினேன். ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

பிறகு காத்திருந்தேன். வேறு யாருக்கும் அனுப்பவில்லை. ஒரு மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு, மண்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த மண்டிக்குப் போய் நிற்பது எங்கள் வீட்டில் கிடையாது. ஒரே நேரத்தில் பல ஏஜென்ட்களுக்கு அனுப்பலாம், அதில் தவறே இல்லை என்று கணினி சொன்னது. எனக்கு மனம் வரவில்லை. மழை போய்ப் பனி வந்தது, பனி போய் சீசன் வந்தது. அறை இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிய ஒரு நாளில் மெயில் வந்தது.

"உங்கள் கோப்பு வாக்கியத்தின் நடுவில் தொடங்குகிறது. முன்பகுதி விடுபட்டுவிட்டதா? பேச முடியுமா?" என்று இரண்டு வரி, கீழே ஒரு எண். வரவேற்பில் இருவர் சாவிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு, பின்கட்டில் போர்வை காயப்போடும் இடத்துக்குப் போய் அழைத்தேன்.

பேசியவர் ஒரு பெண். குரலில் அவசரம் இல்லை. "பக்கம் ஏதும் விட்டுப்போச்சாங்க?" என்று கேட்டார். விட்டுப்போகவில்லை, வேண்டுமென்றே அனுப்பியது என்றேன். ஏன் என்று கேட்டார். வடுகபட்டியிலிருந்து தொடங்கி, சாக்கு, முழங்கை, அண்ணன், வேட்டியில் துடைத்த கை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எதிர்முனையில் அவர் சிரித்தார், கேலி இல்லாத சிரிப்பு. எனக்குத்தான் கன்னம் சுட்டது. என்ன காரியம் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"நீங்க சொல்றது சாக்குக்குச் சரி" என்றார். "புத்தகத்தைக் கடையில எடுக்கிறவங்க முதல் பக்கத்தைத்தான் பிரிப்பாங்க. அது பிடிக்கலேன்னா அங்கேயே வச்சுட்டுப் போயிடுவாங்க. நடுவுல கைவிட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்ல. அதனாலதான் மாதிரின்னு போட்டாலும் நாங்க எதிர்பார்க்கிறது தொடக்கத்தைத்தான். இந்த மாதிரி நடுவுல தொடங்கினா வழக்கமா மூடிடுவேன்."

"பெறகு ஏன் மூடலைங்க?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மூடத்தான் போனேன். அந்தப் பொண்ணு மாமியார்கிட்ட ஒரு வார்த்தையும் பேசாம, பூண்டு உரிச்ச கையோட போய் அவங்க முதுகைச் சொறிஞ்சு விடுறாளே, அங்க வந்துட்டேன். அதுக்கப்புறம் மூட முடியல" என்றார்.

போர்வைகளுக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டேன். என்னைத் தெரியாத ஒருவர், என் ஊர் தெரியாத ஒருவர், நான் மேஜைக்கடியில் எழுதியதைப் படித்து மூட முடியவில்லை என்கிறார். அழுகை வந்தது. வரவேற்பில் யாரோ மணியை அடித்துக்கொண்டிருந்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முழு நாவலையும் அனுப்பச் சொன்னார். அன்றே அனுப்பினேன்.

இந்த முறை அதிக நாள் ஆகவில்லை. அவரே அழைத்தார். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது, அந்தப் பேச்சு என் மேலேயே விழும்வரை. "இப்ப இருக்கிற மாதிரி இதை என்னால எடுத்துக்க முடியாதுங்க" என்றார். "அந்த முப்பது பக்கத்தை எழுதினவங்கதான் முதல் நாப்பது பக்கத்தையும் எழுதினாங்களா?"

நான்தான் என்றேன்.

"மூடுபனி வருது, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பூக்கிற குறிஞ்சி வருது, ஏரி வருது, மலைகளின் இளவரசி வருது. நாப்பது பக்கம் ஆகியும் அந்தப் பொண்ணு இன்னும் பஸ்ஸைவிட்டு இறங்கல. யாருக்குச் சொல்றீங்க இதையெல்லாம்?"

யாருக்கு என்று எனக்குத் தெரியும். அந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் வரவேற்பு மேஜையில் நின்றபடி வருகிற போகிற விருந்தாளிகளிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். முதல் பக்கத்தைப் படிக்கிறவர் பெட்டியோடு வந்து நிற்கிறார் என்று என் மனசு நினைத்துக்கொண்டது போல. வரவேற்றேன், சிரித்தேன், பார்க்க வேண்டிய இடங்களைச் சொன்னேன். அந்த நாற்பது பக்கத்தைத்தான் நான் மிக அழகு என்று நினைத்திருந்தேன், அதைத்தான் அதிகம் திருத்தியிருந்தேன். மேலே அடுக்குகிறவர்களைப் பார்த்து முகம் சுளித்த அப்பாவின் மகள், மேலே அடுக்கித்தான் கட்டியிருக்கிறேன். அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

"திருத்தி அனுப்பினா மறுபடி பார்ப்பீங்களா?" என்றேன்.

"பார்ப்பேன். எடுத்துக்குவேன்னு இப்ப சொல்லமாட்டேன். ஆனா முழுசாப் படிப்பேன்" என்றார்.

அவர் போனை வைத்ததும் கொஞ்ச நேரம் வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது ஒன்று தெரிந்தது. நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஒருவர் உள்ளே கையைவிட்டு, எது சொத்தை எது நல்லது என்று பிரித்துச் சொல்லிவிட்டார். கைதட்டும் பொம்மையால் இது முடியாது.

அடுத்த விடுமுறையில் கவுஞ்சிக்குப் போனேன். அண்ணன் தலையில் துண்டோடு மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் வேன் வந்துவிடுமாம். என்னைப் பார்த்ததும், "என்ன தாயி, மண்டிக்காரம்மா என்ன சொல்லுது?" என்றார்.

"நடுவுல நல்லா இருக்காம் அண்ணே. மேலதான் சரியில்லையாம்."

அண்ணன் எடைக்கல்லைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். உதடு துடித்தது, அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து சந்தைக்குப் போயிட்டு வாரேன். சொத்தைய மேல அடுக்கி நல்லத நடுவுல ஒளிச்சு வச்ச ஆள நான் பார்த்ததே இல்ல தாயி" என்று சொல்லிவிட்டு மூட்டைமேலேயே உட்கார்ந்து சிரித்தார். நானும் உட்கார்ந்து சிரித்தேன். அண்ணி உள்ளேயிருந்து வந்து, என்னவென்று கேட்டு, பதில் வராததால் உள்ளே போய்விட்டார்.

சிரித்து முடித்ததும், "சரி, எடுத்துக்கிருவாகளா மாட்டாகளா?" என்றார்.

"தெரியல. திருத்தி அனுப்பச் சொல்லியிருக்காக. மேல இருக்கிற நாப்பது பக்கத்தையும் எடுத்துட்டேன்."

"அப்ப எங்கருந்துதான் ஆரம்பிக்கப் போற?"

"நீ கைய விட்ட எடத்துலருந்து" என்றேன். "அந்த அரை வாக்கியத்தோட விட்டுப்போன முன்பாதிய மட்டும் சேர்த்துருக்கேன். எடையில கெடக்குறத பின்னால அங்கங்க சேத்துக்கிருவேன்."

அண்ணன் வலது கையைத் திருப்பி, செம்மண் ஏறிய உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அடுத்த மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தார்.